வெண்கலத்தில் ஒரு பிடிப் பிழை

ஹாம்ட்ராமிக், மிச்சிகன்
மார்ச் 3, 1987

மேவிஸுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

உங்கள் பெல்டன் ஊர் நினைவுக் குழுவிலிருந்து எனக்கு ஒரு பெரிய உறை வந்தது. தலைவர் பெயர் ராண்டி ஸ்டௌட். கார் விற்கிறவர் போலிருக்கிறது, கடிதத்தின் தலையிலேயே கடை விளம்பரம். நாம் ஆடிய வானம்பாடிகள் பேஸ்பால் அணியின் நினைவாக, பழைய மைதானம் இருந்த இடத்தில் வெண்கலப் பலகை வைக்கப் போகிறார்களாம். இப்போது அது வண்டிகள் நிறுத்தும் இடம் என்றும் எழுதியிருக்கிறார். பலகையில் என்ன பொறிக்கப் போகிறார்கள் தெரியுமா? 1947 செப்டம்பரில், சீசனின் கடைசி நாளில், ரிவர்டன் பெண்களிடம் பூஜ்யத்துக்கு ஒன்று என்று தோற்றுக் கோப்பையை விட்டோமே, அந்த ஆட்டத்தின் முழு ஸ்கோர் அட்டவணை. ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூடவா உங்கள் ஊருக்கு அகப்படவில்லை? அன்றுதான் நீ லீகிலேயே சிறந்த பிட்சர் என்ற பட்டத்தை வாங்கினாயாம். அதனால்தான் அந்த ஆட்டமாம்.

மாதிரிப் படம் அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டுப் பெண்களின் பெயர், யார் எத்தனை முறை மட்டை பிடித்தாள், யார் எத்தனை அடித்தாள், எல்லாம் அழகாக இருக்கிறது. அடியில் தனியாக ஒரே ஒரு வரி: ‘பிடிப் பிழை: ப்ரூஸ்கி.’ பலகை முழுவதிலும் பாவம் செய்தவள் நான் ஒருத்திதான். காலையில் தின்ற முட்டை தொண்டைக்கு வந்தது.

அதோடு விட்டார்களா? விழா அறிவிப்பில் நீ விருந்துகளில் சொல்லும் தமாஷையும் அச்சடித்திருக்கிறார்கள். “சாயங்காலம் ஆச்சுன்னா நம்ம வாண்டாவுக்குப் பசி வந்துடும். அன்னைக்குப் பந்து வந்தப்போ கண்ணு என் மேல இருந்துச்சு, மனசு சாப்பாட்டுத் தட்டுல இருந்துச்சு.” இதற்கு ஊரே விழுந்து விழுந்து சிரிக்கிறதாம். எத்தனை வருடமாகச் சொல்கிறாய் இதை?

அந்தக் கார்க்காரருக்கு ஆட்டம் தெரியாது, அதனால் நீயே அவருக்கு விளக்கு. பந்து கைக்கு வந்து நழுவினால் அது பிடிக்கிற கேட்சரின் தப்பு, பிடிப் பிழை. கைக்கே வராமல் கண்டபடி போனால் வீசிய பிட்சரின் தப்பு, வீச்சுப் பிழை. பிடிப் பிழையில் போகும் ஓட்டம் பிட்சரின் சராசரியில் ஏறாது. வீச்சுப் பிழையில் போனால் ஏறும்; சராசரி குறைந்தவளுக்குத்தான் பட்டம். அன்று நீ வீசிய பந்து எனக்கு ஒரு கை முன்னால் மண்ணில் குத்திப் பக்கவாட்டில் பாய்ந்தது, அதில்தான் அவர்களுடைய அந்த ஒரே ஓட்டம் வந்தது. இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வார்ப்புக்குப் போகுமுன் அவர்களிடம் சொல்லி மாற்று. வேறொன்றும் கேட்கவில்லை.

வாண்டா ப்ரூஸ்கி


பெல்டன், இல்லினாய்
மார்ச் 14

என் அன்பு வாண்டா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்தேன். படித்து முடித்ததும் ஏன் கிழித்தோம் என்றாகிவிட்டது. எத்தனை வருடம் கழித்து எழுதுகிறாய், ஒரு ‘எப்படி இருக்கிறாய்’ கூடவா கிடையாது?

நான் நன்றாக இருக்கிறேன். என் வீட்டுக்காரர் கார்ல் இறந்த பிறகு வீடு பெரிதாகத் தெரிகிறது. புதன்கிழமைகளில் தேவாலயத்துப் பெண்களுக்கு எலுமிச்சை ஜெல்லி செய்து கொண்டு போகிறேன். உன்னைப் பற்றி எல்லோரிடமும் அன்பாகத்தான் பேசுகிறேன், வேண்டுமானால் யாரையும் கேட்டுப் பார்.

அந்தத் தமாஷ் வெறும் தமாஷ். விருந்தில் கிழவிகள் பேச எழுந்தால் ஆட்கள் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள், ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்தால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பெயரைக் கேட்டு நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் உன்னை நினைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? மற்ற பெண்களின் பெயர்கூட இங்கே யாருக்கும் தெரியாது.

நான் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. மறுநாள் காலைப் பத்திரிகையில் நிருபர் பிளங்கெட் எழுதியதைத்தான் சொல்கிறேன். லீகுக்கு ஸ்கோர் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அவர் பிடிப் பிழை என்று போட்டார், லீக் ஏற்றுக்கொண்டது, புத்தகத்தில் ஏறிவிட்டது. நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பந்து எங்கே குத்தியது என்று இப்போது நீயும் நானும் சண்டை போட்டால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?

ஜூனில் விழாவுக்கு வா. விருந்தாளி அறைக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

உன் மேவிஸ்


ஹாம்ட்ராமிக்
மார்ச் 20

மேவிஸ்,

மெத்தையை நீயே வைத்துக்கொள்.

பிளங்கெட் எழுதினார், பிளங்கெட் எழுதினார் என்கிறாயே, அவர் எப்படி எழுதினார் என்று உனக்குத் தெரியுமா? தெரியாது. நீ குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாய்.

அவர் உட்காரும் இடத்தில் மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பாதிப் பந்து அவருக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் ஆட்டம் முடிந்ததும் கேட்சரிடம் வந்து கேட்பார், அவள் சொன்னதை எழுதுவார். அதுதான் அங்கே வழக்கம். ஆண்கள் உடை மாற்றும் அறைக்கு வரக்கூடாது என்பதால் கதவுக்கு வெளியே நிற்பார், கேள்வியை மிஸ் கிரிம்ஸ்பி உள்ளே கொண்டுவருவாள். நம் உதட்டுச்சாயம் கலைந்திருக்கிறதா, பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே திரிவாளே, அந்தக் காவல்காரிதான். பாவாடையோடு மண்ணில் சறுக்கியதில் தொடையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தபடி நான் பெஞ்சில் கிடந்தேன். அவள் வந்து, “பதினோராவது சுற்றுல போன அந்தப் பந்து அவளோடதா உன்னோடதான்னு அவர் கேக்கறார். சீக்கிரம் சொல்லு, அவருக்குத் தந்தி அனுப்பணுமாம்” என்றாள்.

“என்னோடதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க” என்றேன்.

அவ்வளவுதான். உன் பட்டம் அந்தக் கதவில் நின்று வாங்கிய பட்டம்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். முந்தின வாரம் பஸ்ஸில் மேனேஜர் டாய்ல் முன் சீட்டில் பேசிக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் எல்லா பிட்சர்களும் தோளுக்கு மேலே கையைத் தூக்கித்தான் வீச வேண்டும், பக்கவாட்டில் வீசுகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், பட்டம் வாங்குகிறவளை மட்டும் வைத்துக்கொண்டு பழக்கிப் பார்க்கலாம் என்றார். நீ பக்கவாட்டில் வீசுகிறவள். நீ போய்விட்டால் பஸ்ஸில் என் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று பயந்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

நீ நன்றி சொல்ல வேண்டுமென்று நான் எப்போதும் நினைத்ததில்லை. மறந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். அதை வைத்து விருந்துகளில் கைதட்டு வாங்குவாய் என்று நினைக்கவில்லை. உன் தமாஷைப் படித்த அன்று பல் தேய்த்துவிட்டு வந்து திரும்பவும் பல் தேய்த்தேன்.

வாண்டா


பெல்டன்
ஏப்ரல் 9

வாண்டா,

இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையும் கிழிக்குமுன் அனுப்பிவிடுகிறேன்.

உன்னை யார் கேட்டார்கள்? நான் கேட்டேனா? நீயாக ஒன்றைச் செய்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை காலம் வைத்திருந்து, இப்போது தூக்கி என் முகத்தில் வீசுகிறாய்.

உன் தயவில் எனக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன், கேள். பட்டம் வாங்கியவள் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். கையைத் தோளுக்கு மேலே தூக்கி வீசு என்றார்கள், வீசினேன். பட்டம் வாங்கியவளைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது என்று ஓய்வே இல்லாமல் இறக்கினார் டாய்ல். நீ அடுத்த வருடம் மே மாதமே ராக்வில் அணிக்குப் போய்விட்டாய், அதனால் பார்க்கவில்லை. ஆகஸ்டில் தோளில் ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் பிறகு நான் ஒரு பந்துகூட வீசவில்லை. இன்றுவரை வலது கையால் தலை வாரிக்கொள்ள முடியாது. கார்ல் இருந்தவரை அவர்தான் பின்னிவிடுவார், இப்போது கத்தரித்துவிட்டேன். அன்று நீ உள்ளதைச் சொல்லியிருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் நல்ல தோளோடு அயோவாவில் எங்கள் பண்ணைக்குப் போய்ப் பால் கறந்துகொண்டிருப்பேன்.

சரி, இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். பந்து மண்ணில்தான் குத்தியது. தூசி எழுந்ததை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தால் உன் பெயர் இருக்கிறது. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது. சொல்லச் சொல்ல அந்தத் தூசியே கதையிலிருந்து போய்விட்டது. உனக்கு இது கேவலமாகத் தெரியும். எனக்கும் இந்த வாரம் முழுக்க அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் இதை நான் எப்படிப் போய்ச் சொல்வது? ராண்டியின் கடை ஜன்னலில் என் படம் ஆளுயரத்துக்கு நிற்கிறது.

மேவிஸ்


ஹாம்ட்ராமிக்
ஏப்ரல் 15

மேவிஸ்,

உன் தோள் விஷயம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. காயம்பட்டுப் போய்விட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்ன சாக்கு என்று நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு.

அதற்காகப் பலகையை விட்டுவிடுவேன் என்று எண்ணாதே. உன் தோளைக் கெடுத்தது டாய்ல், நான் இல்லை. என் தங்கை பேரன் பள்ளிக்கூடத்தில் கேட்சராக ஆடுகிறான். அவன் என்றைக்காவது அந்த ஊர் வழியாகப் போய், வண்டியை நிறுத்தி, அந்த வரியைப் படிப்பான். ஆறு வருடம் அந்தக் கேட்சர் முகமூடிக்குள் உட்கார்ந்து என் விரல் நான்கை ஒடித்துக்கொண்டதற்கு மிஞ்சப் போவது அந்த ஒரு வரிதான்.

எப்படிச் சொல்வது என்று கேட்டாய். வாயைத் திறந்து சொல்.

வாண்டா


பெல்டன்
மே 18

வாண்டா,

போய்ச் சொன்னேன்.

ராண்டி என்னைக் கடைக்குள்ளே கூட்டிக்கொண்டு போய், புது வண்டி ஒன்றின் முன் சீட்டில் உட்கார வைத்தார். அங்கேதான் சத்தம் இல்லாமல் பேச முடியுமாம். தோல் வாசனை தாங்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன், நீ சொன்ன கதவு, மிஸ் கிரிம்ஸ்பி, தூசி எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

“அப்போ அந்த ஓட்டம் உங்க கணக்குல ஏறினா பட்டம் யாருக்குப் போகும், மேடம்?”

“ரிவர்டன் லெனோர் ஹாட்சுக்கு. ரெண்டு பேருக்கும் மயிரிழைதான் வித்தியாசம்.”

“ரிவர்டனுக்கா?” என்றார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். “மேடம், ஸ்கோர் எழுதினவர் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அதை மாத்தணும்னா அவரே வந்து மாத்தணும். அவர் செத்து இருபது வருஷம் ஆச்சு.”

“நான் உயிரோடதான இருக்கேன்? வாண்டாவும் இருக்கா.”

“நீங்க ரெண்டு பேரும் ஆடினவங்க. ஆடினவங்க பேச்சை எப்படி எடுத்துக்க முடியும்?”

பிளங்கெட் எழுதியதே ஆடியவள் பேச்சைக் கேட்டுத்தான் என்றேன். அது வேறு என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நம்ம ஊருக்கு இருக்கற ஒரே பட்டம் இது, மேடம். தானியக் கிடங்கையும் மூடிட்டாங்க. இதையும் ரிவர்டன்காரங்க கையில குடுக்கச் சொல்றீங்களா?” என்றார். பலகை ஏற்கனவே வார்ப்புக்குப் போய்விட்டதாம். உன் வரியையாவது எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அந்த வரி இருந்தால்தான் பட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டார். அவர் ஆட்டம் தெரியாதவர் இல்லை, வாண்டா. நன்றாகவே தெரிந்தவர்.

இறங்கும்போது வண்டி பிடித்திருக்கிறதா என்று வேறு கேட்டார்.

மேவிஸ்


ஹாம்ட்ராமிக்
மே 24

மேவிஸ்,

விழாவில் உன்னைப் பேசச் சொல்வார்கள். அங்கே ராண்டி உன் வாயைப் பொத்த முடியாது.

நான் வரமாட்டேன். நீ சொல்வதை நான் நின்று பார்த்தால் எனக்காகச் சொன்னதாகிவிடும்.

வாண்டா


பெல்டன்
ஜூன் 22

வாண்டா,

சனிக்கிழமை விழா நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன், என்னைச் சமாதானப்படுத்தப் பார்க்காதே.

நல்ல கூட்டம். பள்ளிக்கூட வாத்தியக்குழு வாசித்தது, தீயணைப்புக்காரர்கள் சாசேஜ் சுட்டுக் கொடுத்தார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். ராண்டி துணியை இழுத்தார். பலகை பளபளவென்று இருந்தது. உன் வரி என் இடுப்பு உயரத்தில், குழந்தைகள் படிக்க வசதியாக இருந்தது.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். எல்லோரும் சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்கள், அது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் சொன்னேன்: “இந்தப் பலகையில கடைசி வரி தப்பு. பந்தைக் கீழ குத்தினது நான். வாண்டா எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டா. இந்தப் பட்டம் எனக்குச் சேர வேண்டியது இல்ல.”

சிரித்தார்கள்.

தமாஷ் வரப் போகிறது, அதற்கு முன்னுரை இது என்று நினைத்தார்கள். நான் மறுபடியும் சொன்னேன். இந்த முறை சிரிப்பு நின்றது. முன் வரிசையில் ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. வாண்டா, அவர்கள் என்னை நம்பவில்லை. வயதான காலத்தில் தோழியின் பெயரைக் காப்பாற்ற நான் பழியை என் மேல் போட்டுக்கொள்கிறேன் என்று புரிந்துகொண்டார்கள். “அப்படி இல்ல, நிஜமாவே சொல்றேன், உக்காருங்க” என்று கத்தினேன். கத்தக் கத்தக் கைதட்டல் ஏறியது. ராண்டி என் தோளை, அந்தத் தோளையேதான், அணைத்துப் பிடித்து மைக்கை வாங்கினார். “பாருங்க, பெல்டன் பொண்ணுங்க எப்படிப்பட்டவங்கன்னு பாருங்க” என்றார்.

இன்றைக்குப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் என் படம். தோல்விக்குக் காரணமான தோழியை மேடையில் மன்னித்த வீராங்கனை என்று போட்டிருக்கிறார்கள். தேவாலயத்தில் பெண்கள் வரிசையில் நின்று என்னை முத்தமிட்டார்கள். மூன்று பேர் கேக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை, அப்படியே குப்பையில் கொட்டினேன். கிரீம் கையெல்லாம் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவினேன், இன்னும் வாடை போகவில்லை.

முன்பு நீ பந்தை விட்டவள் மட்டும்தான். இப்போது நான் மன்னித்தும் விட்டேன். உனக்கு நல்லது செய்யப் போய் இதைத்தான் செய்து வைத்திருக்கிறேன்.

அவர்கள் கைதட்டும்போது எனக்குக் குமட்டியது. இத்தனை வருடம் அதே கைதட்டலைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன், ஒரு நாளும் குமட்டியதில்லை.

மேவிஸ்


ஹாம்ட்ராமிக்
ஜூன் 29

மேவிஸ்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். தனியாக, சமையலறையில், வெகுநேரம். நான் பொய் சொன்னேன், உடனே நம்பினார்கள். நீ உண்மையைச் சொன்னாய், எழுந்து நின்று கைதட்டினார்கள். இரண்டு தடவையும் பரிசு உனக்குத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் நாற்காலியை உதைத்தேன், கால் வீங்கியிருக்கிறது.

லெனோர் ஹாட்சுக்கு எழுதினேன். அவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவள் மகள் பதில் போட்டாள். அம்மாவுக்கு இப்போது எதுவும் நினைவில் இல்லை, பந்து விளையாடியதே தெரியாது என்று எழுதியிருந்தாள். ஆக, அந்தப் பந்து எங்கே குத்தியது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் நீயும் நானும்தான்.

நீ சொன்னாயே, அது போதும் என்று எழுதத்தான் இன்று உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். போதவில்லை. அந்த வரி அங்கேயே இருக்கும், நாம் செத்த பிறகும் இருக்கும், மழை பெய்தால் கழுவிப் பளபளப்பாக்கும். நினைத்தாலே இன்னும் வயிற்றைப் புரட்டுகிறது.

ஆனால் அந்தப் புரட்டலில் உன் முகம் வருவதில்லை. மார்ச் மாதத்தில் உன் முகம் மட்டும்தான் வந்தது. இப்போது அந்தக் கார்க்காரரும் கைதட்டிய கூட்டமும் வருகிறார்கள், நீ அவர்களுக்கு நடுவில் நின்று உட்காருங்கள் என்று கத்துகிறாய், ஒருவரும் உட்காரவில்லை.

ஜூலை முழுக்க நான் ஊரில்தான் இருப்பேன். பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு, வந்து அழைத்துப் போகிறேன். கேக் எதுவும் கொண்டுவராதே.

வாண்டா